உயரமும் காப்பும்: கூடைப்பந்து, வலைப்பந்து வரலாற்றில் ஒரு நோக்கு

விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் கோல் பெற்றோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கோலைத் தடுத்தோரின் பெயர்கள் ஏடுகளில் இடம்பெறுவது அரிது. பந்து வளையத்துள் வீழ்ந்தால் அஃது எண்ணாகப் பதியப்படுகின்றது. வீழாது தடுக்கப்பட்டால் அதற்கு எண் இல்லை. இதனால், ஏனையோரினும் மிக உயர்ந்த ஓர் ஆட்டக்காரர் களத்தில் இறங்கும்போது, அவரைக் குள்ளமான ஒருவர் எவ்வாறு எதிர்கொண்டார் என்னும் வினா முறையாக ஆராயப்படாமலே விடப்படுகின்றது. உயரம் இயற்கையின் கொடை, அதற்கு மாற்று இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவது எளிது. ஆயினும் கூடைப்பந்தாட்டத்தினதும் அதன் கிளையாகிய வலைப்பந்தாட்டத்தினதும் வரலாறு இம்முடிவை ஏற்பதாக இல்லை. யாழ்ப்பாணக் குடாநாடு உலகுக்கு அளித்த ஒரு வீராங்கனையின் ஆட்ட வரலாறு இவ்வினாவைத் தெளிவாக ஆராய்வதற்குத் தக்க சான்றாக அமைகின்றது.

கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில் தோன்றியது. கிறித்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார், குளிர்காலத்தில் மாணவர் மண்டபத்தினுள் ஆடத்தக்க முரட்டுத்தனமற்ற ஆட்டமொன்றை வகுக்க முற்பட்டார். இலக்கு நிலமட்டத்தில் இருந்தால் ஆட்டக்காரர் பந்தை வலிந்து எறிவர். தலைக்கு மேலே கிடையாக இருந்தால் மெல்ல வளைத்து எறிய நேரிடும் என அவர் கருதினார். ஆகவே 10 அடி உயரத்தில் இரு பழக்கூடைகள் அறையப்பட்டன. வலிமையைக் குறைத்துத் திறனை வளர்ப்பதே அவரது நோக்கம். ஆனால், இலக்கை மேலே உயர்த்தியதால் இலக்குக்கு அண்மையில் பிறந்தவர்களுக்கு, அதாவது நெடியோருக்கு, அவர் தம்மையறியாமலே ஒரு சலுகையை வழங்கிவிட்டார். வன்மையை விலக்க வகுத்த விதி உயரத்துக்கு வழிவிட்டது. பின்னைய நூறாண்டு வரலாறு இம்முரண்பாட்டைச் சரிசெய்ய முயன்ற வரலாறு எனலாம்.

இவ்வாட்டம் விரைவில் மகளிரிடையேயும் பரவிற்று. சிமித் கல்லூரியில் செண்டா பெரென்சன் களத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, மகளிர்க்கெனத் தனி விதிகளை வகுத்தார். இங்கிலாந்தின் மகளிர் உடற்பயிற்சிக் கல்லூரிகளில் அது மேலும் மாறுதலடைந்தது. 1901ஆம் ஆண்டில் அங்கு விதிகள் அச்சிடப்பட்டன. வலைப்பந்தாட்டம் எனும் தனியாட்டம் இவ்வாறு உருப்பெற்றது. பிரித்தானியப் பேரரசுக்குட்பட்ட நாடுகளின் பெண்கள் பாடசாலைகள் வழியாக அது இலங்கைக்கும் வந்தது. நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த விதிகளை ஒருமைப்படுத்துவதற்காகப் பல நாடுகளின் பிரதிநிதிகள் 1960ஆம் ஆண்டில் கூடிய இடம் இலங்கையே என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. 1963ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஈஸ்ற்போண் நகரில் நடைபெற்ற முதலாவது உலகப் போட்டியிலும் இலங்கை அணி பங்குபற்றியது. ஆகவே இவ்வாட்டத்தின் உலக வரலாற்றில் இலங்கை பிந்தி வந்த நாடன்று.

நெடியோரை எதிர்கொள்ளும் முறைகளைப் பொறுத்தவரை கூடைப்பந்தாட்டத்தின் அனுபவமே மூத்தது. ஆரம்பத்தில் மிக உயர்ந்தவர்கள் மந்தமானவர்கள், ஆட்டத்துக்கு உதவாதவர்கள் எனப் பயிற்றுநர் பலர் எண்ணினர். இவ்வெண்ணத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஜோர்ஜ் மைக்கன். அவரது உயரம் 6 அடி 10 அங்குலம், அதாவது 208 சென்ரிமீற்றர். வளையத்தை நோக்கி இறங்கும் பந்தை அவரும் அவரையொத்த நெடியோரும் கையால் தட்டிவிட்டமையால், 1944ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் அச்செயல் தடைசெய்யப்பட்டது. தொழில்முறை ஆட்டத்தில் மினியாப்பொலிஸ் லேக்கர்ஸ் அணிக்கு மைக்கன் ஆடியபோது எதிரணிகள் திகைத்தன. 1950ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் திகதி போட் வெயின் பிஸ்ரன்ஸ் அணி ஒரு விசித்திரமான உபாயத்தைக் கையாண்டது. அவ்வணியினர் பந்தைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு காலத்தைப் போக்கினர். ஆட்டம் 19–18 என முடிந்தது, பிஸ்ரன்ஸ் வென்றது. லேக்கர்ஸ் பெற்ற 18 புள்ளிகளுள் 15 மைக்கன் பெற்றவை.

இவ்வாட்டம் பார்ப்போர்க்குச் சலிப்பூட்டியது உண்மை. 1954ஆம் ஆண்டில், 24 விநாடிகளுள் பந்தை எய்ய வேண்டும் என்ற விதி புகுத்தப்பட்டமைக்கு இத்தகைய ஆட்டங்களும் காரணமாயின. ஆயினும் அதனுள் ஓர் அடிப்படையான உண்மை பொதிந்திருந்தது. மைக்கனின் கைகளை எவராலும் எட்ட முடியவில்லை. ஆனால் பந்து அக்கைகளை எட்டாதவாறு செய்ய முடிந்தது. நெடியவரின் உயரம் அவர் பந்தைப் பெற்ற பின்னரே பயன் தருகின்றது. பந்தைப் பெறுமுன் அவரும் பந்துக்காகக் காத்துநிற்கும் ஒருவரே. 1951ஆம் ஆண்டில் விதிவகுப்போரும் இதே உண்மையை வேறு வழியில் பயன்படுத்தினர். தாக்கும் அணியினர் மூன்று விநாடிகளுக்கு மேல் தரித்திருக்கக் கூடாத வளையத்தடிப் பகுதியின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினர். உயரத்தைக் குறைக்க இயலாது. உயரம் நின்று பயன்பெறும் இடத்தைக் குறைக்கலாம் என்பதே அதன் கருத்து.

அடுத்த தலைமுறையில் இவ்வுண்மையை விதியின் துணையின்றிக் களத்திலேயே நிறுவியவர் பொஸ்ரன் செல்ரிக்ஸ் அணியின் பில் ரசல். அவரை எதிர்த்து நின்றவர் 216 சென்ரிமீற்றர் உயரமுடைய வில்ற் சேம்பர்லேன். 1962ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் பெற்றவர் சேம்பர்லேன். ரசலும் நெடியவரே; எனினும் உயரத்திலும் உடற்பாரத்திலும் சேம்பர்லேனுக்குக் குறைந்தவர். இருவரின் அணிகளும் இறுதிக்கட்டத் தொடர்களில் எட்டு முறை மோதின. ஏழு முறை ரசலின் அணியே வென்றது. ஒவ்வோர் ஆட்டத்திலும் ரசல் சேம்பர்லேனைப் புள்ளி பெறாது தடுத்துவிட்டார் என இதற்குப் பொருளில்லை. சேம்பர்லேன் புள்ளிகளைப் பெற்றுக்கொண்டே இருந்தார். ஆனால் அவர் விரும்பிய இடத்தில் பந்தைப் பெறுவது அரிதாயிற்று. விரும்பிய இடத்துக்கு ஓரடி வெளியே பெற்ற பந்து, வேறொரு பந்தாகிவிடுகின்றது.

இவ்விருவரின் மோதலிலும் தெளிவானதொரு சான்று 2004ஆம் ஆண்டில் கிடைத்தது. அவ்வாண்டின் இறுதித் தொடரில் லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியின் ஷகீல் ஓனீலை டிற்றொயிற் பிஸ்ரன்ஸ் அணி எதிர்கொண்டது. ஓனீலின் உயரம் 216 சென்ரிமீற்றர். அவரைக் காத்துநின்ற பென் வொலஸ் அவரிலும் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் குறைந்தவர். டிற்றொயிற் அணியினர் ஓனீலைச் சூழ்ந்துகொள்ளப் பலரை அனுப்பவில்லை. பெரும்பாலும் ஒருவரையே அவரோடு விட்டுவிட்டு, ஏனைய நால்வரின் வழிகளையும் அடைத்தனர். ஓனீல் ஆட்டத்துக்குச் சராசரியாக 26க்கு மேற்பட்ட புள்ளிகளைப் பெற்றார்; எனினும் லேக்கர்ஸ் அணி 4–1 எனத் தொடரை இழந்தது. நெடியவரை அடக்குதல் என்பது அவர் பெறும் எண்ணைக் குறைத்தல் மட்டுமன்று, அவ்வெண் அணியின் வெற்றியாக மாறாது தடுத்தலுமாகும் என்பது இதனால் பெறப்படும்.

இனி, குள்ளமான காப்பாளரின் கருவிகள் யாவை என நோக்குதல் வேண்டும். முதலாவது கால், கையன்று. நெடியவரின் கையோடு கையால் போட்டியிடுபவர் தோற்பார். அவர் நிற்க விரும்பும் நிலத்தை அவருக்கு முன்னரே சென்று பிடிப்பவர் ஓரளவு வெல்வார். இரண்டாவது, உடலின் தாழ்ந்த நிலை. முழங்கால் மடித்துத் தாழ்ந்து நிற்பவரை இடம்பெயர்த்தல் கடினம். 201 சென்ரிமீற்றர் உயரமே கொண்ட வெஸ் அன்செல்ட் தம்மினும் நெடியோரிடையே நின்று 1969ஆம் ஆண்டில் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவு செய்யப்பட்டமைக்கு இத்தகைய திடமும் ஒரு காரணம். மூன்றாவது, பந்தை வழங்குபவர்மீது செலுத்தும் நெருக்குதல். இம்மூன்றுள் இறுதியானது காப்பாளரின் தனித்திறனன்று. அணி முழுவதன் உழைப்பாகும்.

கூடைப்பந்தாட்டத்தில் பயன்பட்ட இக்கருவிகளுட் சில வலைப்பந்தாட்டத்தில் பயன்படா. அங்கு உடலால் உந்துதல் குற்றமாகும். பந்தை வைத்திருப்பவரின் காலடியிலிருந்து காப்பாளர் 3 அடி, அதாவது 0.9 மீற்றர், விலகி நிற்றல் வேண்டும். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுதலும் இல்லை. பெற்றவர் மூன்று விநாடிகளுள் அதனை வழங்கியோ எய்தோ விடவேண்டும். எய்யும் உரிமை ஏழு பேருள் இருவர்க்கே உண்டு; அவர்களும் 4.9 மீற்றர் ஆரையுடைய அரைவட்டத்தினுள் நின்றே எய்யலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, கூடைப்பந்தாட்டத்தில் நெடியோரை வளையத்தடியிலிருந்து அகற்றிய அந்த மூன்று விநாடித் தடை இங்கு இல்லை. நெடிய எய்பவர் ஆட்டம் முழுவதும் கம்பத்தின் அருகிலேயே நிற்கலாம். மைக்கனுக்கு எதிராக விதிவகுப்போர் எழுப்பிய வேலிகள் எவையும் இல்லாத களம் இது. எனவே உலகிலேயே உயரத்துக்கு மிகக்கூடிய மதிப்பளிக்கும் ஆட்டங்களுள் வலைப்பந்தாட்டமும் ஒன்று எனக் கூறுதல் மிகையாகாது.

இத்தகைய களத்திலேதான் யாழ்ப்பாணக் குடாநாட்டின் புன்னாலைக்கட்டுவன் பகுதியைச் சேர்ந்த ஈவினைக் கிராமத்திலிருந்து தர்ஜினி சிவலிங்கம் வந்து சேர்ந்தார். அவரது உயரம் 208 சென்ரிமீற்றர். மைக்கனின் உயரமும் அதுவே. ஆண்களின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தையே தன் விதிகளை மாற்றச் செய்த உயரம், விதித்தடை ஏதுமற்ற மகளிர் களத்தில் வந்து நின்றது. உலகின் மிக உயர்ந்த வலைப்பந்தாட்ட வீராங்கனை என அவர் அறியப்பட்டார். உள்நாட்டுப் போர் முடிவுற்ற அதே 2009ஆம் ஆண்டில் இலங்கை அணி ஆசியக் கிண்ணத்தை வென்றது. இறுதியாட்டத்தில் சிங்கப்பூரை 77–48 என வென்ற அவ்வணியின் பிரதான எய்பவர் அவரே. 2018இல் 69–50 எனவும், 2022இல் 63–53 எனவும் அதே சிங்கப்பூரை வென்று இலங்கை மீண்டும் கிண்ணத்தைப் பெற்றபோதும் அவர் அணியில் இருந்தார்.

ஆசிய அணிகளால் அடக்க இயலாத அவரை உலகின் முன்னணி அணிகள் எவ்வாறு எதிர்கொண்டன? இதற்கு 2019ஆம் ஆண்டில் லிவர்பூல் நகரில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டி விடை தருகின்றது. அப்போட்டியில் மிகக்கூடிய கோல்களைப் பெற்றவர் தர்ஜினி. அவர் பெற்றவை 348. சிங்கப்பூருக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் இலங்கை பெற்ற 88 கோல்களுள் 76 அவருடையவை. ஆயினும் அவுஸ்திரேலியா, சிம்பாப்வே, வட அயர்லாந்து ஆகிய அணிகளோடு ஒரே பிரிவில் ஆடிய இலங்கை, அம்மூன்றிடமும் தோற்றது. 16 அணிகளுள் 15ஆம் இடத்தையே பெற்றது. மிகக்கூடிய கோல் பெற்ற வீராங்கனையும் பட்டியலின் அடியிலிருந்து இரண்டாமிடமும் ஒரே அணிக்கு உரியனவாயின. 2004ஆம் ஆண்டில் டிற்றொயிற் நிறுவிய உண்மை இங்கு இன்னும் பெரிய அளவில் வெளிப்பட்டது.

இதன் காரணம் வலைப்பந்தாட்டத்தின் கணக்கிலேயே உள்ளது. ஒரு கோல் விழுந்தபின், அதனைப் பெற்றவர் யாராயினும், மையத்திலிருந்து ஆடத் தொடங்கும் உரிமை இரு அணிகளுக்கும் மாறி மாறியே கிடைக்கின்றது. ஓர் ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் 50 தொடக்கங்கள் கிடைப்பதாகக் கொள்க. நெடிய எய்பவரின் அணி 50ஐயும் கோலாக்கினாலும், எதிரணி தன் 50ஐயும் கோலாக்குமாயின் எண்கள் சமமே. எதிரணி ஐந்து வழங்கல்களை இடைமறித்து அவற்றையும் கோலாக்கினால், நெடியவரின் அணி 45ஐயும் எதிரணி 55ஐயும் பெறும். அந்த 45ஐயும் நெடியவரே பெற்றிருப்பார். அவரை எவரும் தடுத்திருக்க மாட்டார். எனினும் ஆட்டம் பத்துக் கோல்களால் இழக்கப்பட்டிருக்கும். ஆகவே வல்ல அணிகள் அவரது கையில் வந்த பந்தைப் பற்றிக் கவலைப்படுவதில் பொழுதைக் கழிக்க வேண்டியதில்லை. வராத பந்தே அவற்றின் இலக்கு.

இதனைச் செய்யும் முறையும் நுட்பமானது. பந்து வழங்குபவருக்குள்ள காலம் மூன்று விநாடிகளே. நெடியவருக்கு உயர்ந்து செல்லும் பந்து வேண்டும். உயர்ந்து செல்லும் பந்து மெதுவாகச் செல்வது. அதனைச் செவ்வையாக வழங்கத் தெளிவான பார்வையும் நிலையான காலும் வேண்டும். காப்பாளர் 3 அடி விலகி நின்றாயினும் கைகளை உயர்த்தி வழங்குபவரின் பார்வையை மறைத்தால், முதல் விநாடி கழிகின்றது. அரைவட்டத்தின் விளிம்புக்கு வரவிடாது வெளியே நிறுத்தினால், பந்து செல்ல வேண்டிய தூரம் கூடுகின்றது. தூரம் கூடக் கூடப் பந்து காற்றில் நிற்கும் நேரம் நீள்கின்றது. அந்நேரத்துள் குள்ளமான இரண்டாவது காப்பாளர் ஓடிவந்து சேர்கின்றார். கம்பத்தடியில் நிற்கும் காப்பாளரோ நெடியவருக்குப் பின்னால் நின்று எக்கிப் பார்ப்பதில்லை. உடல்மோதல் விதி முதலில் நிலத்தைப் பிடித்தவரையே காக்கின்றது. அவ்விதி நெடியவருக்கும் குள்ளமானவருக்கும் பொதுவானது. கம்பத்தடி நிலத்தைத் தாம் முதலில் பிடித்துவிட்டால், நெடியவர் இரண்டடி வெளியே நின்றே பந்தைப் பெற நேரிடும். எவரையும் உந்தாமலே இடம்பெயர்க்கும் கலை இது.

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் துலாவினால் நீரிறைத்த காலத்தை அறிந்தோர்க்கு இதனை விளக்குதல் எளிது. துலா எவ்வளவு நெடிதாயினும் அது தனியே பயிரை வளர்ப்பதில்லை. துலா மிதிப்பவரும், பட்டை பிடிப்பவரும், பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுபவரும் ஒத்துழைத்தாலே வெங்காயமும் மிளகாயும் தழைக்கும். வாய்க்கால் உடைந்தால் துலாவின் நெடுமை வீணாகும். இலங்கை அணியின் 2019ஆம் ஆண்டுத் தோல்விகளில் உடைந்தது வாய்க்காலேயன்றித் துலாவன்று.

இங்குதான் இவ்வாராய்ச்சி வெறும் ஆட்டநுட்பத்தைக் கடந்து செல்கின்றது. ஓர் அணி தன்னிடமுள்ள ஓர் உயரத்தையே நம்பியிருக்கும்போது, ஏனைய அறுவரின் பயிற்சியும் பின்தள்ளப்படும் அபாயம் உண்டு. ஆசியக் கிண்ணத்தை இலங்கை முதன்முதலாக வென்றது 1989ஆம் ஆண்டில். பின்னர் 1997இலும் 2001இலும் வென்றது. இம்மூன்று வெற்றிகளும் தர்ஜினி அணிக்கு வருமுன் பெறப்பட்டவை என்பதை மறத்தலாகாது. உயரம் ஒரு வரம். ஆனால் அதனைச் சுமக்கத் தெரியாத அணிக்கு அவ்வரமே சோம்பலாக மாறக்கூடும். அவ்வணி தோற்கும்போது பழி நெடியவர்மேற் சுமத்தப்படுதலும், வெல்லும்போது புகழ் அவரது உயரத்துக்கே உரியதாக்கப்படுதலும் இதன் விளைவுகள்.

பின்னது சிறப்பாகக் கவனிக்கத்தக்க அநீதியாகும். வலைப்பந்தாட்டத்தின் வளையத்துக்குப் பின்பலகை கிடையாது. பந்து பலகையிற் பட்டு உள்ளே விழும் வாய்ப்பு அங்கில்லை. உயரம் பந்தைப் பெற்றுத் தரும். வளையத்துள் இடுவது பயிற்சியே. ஓர் உலகப் போட்டியில் 348 கோல்கள் பெறுவது எலும்பின் நீளத்தால் மாத்திரம் இயல்வதன்று. ஆயினும், ‘அவருக்கென்ன, உயரம் இருக்கின்றது’ என்னும் ஒரு சொல்லால் அவ்வுழைப்பு முழுவதும் மறைக்கப்பட்டுவிடுகின்றது. பெண்ணொருத்தி அளவுக்கு மீறி உயர்ந்தால் அதனைக் குறையாகப் பேசும் வழக்கம் யாழ்ப்பாணச் சமூகத்துக்குப் புதியதன்று. அதே உயரம் கிண்ணம் பெற்றுத் தந்தபின் அதனை மட்டுமே புகழ்வதும் முன்னைய பேச்சின் மறுபக்கமே. இரண்டிலும் அளக்கப்படுவது உடல், காணப்படாதது உழைப்பு.

இதே அளவுகோல் பாடசாலைக் களங்களில் வேறொரு வகையில் தீங்கு செய்கின்றது. வலைப்பந்து அணிக்கு மாணவியரைத் தெரிவுசெய்யும்போது உயரமானவர்களை முதலில் நிரையில் நிறுத்தி, குள்ளமானவர்களைப் பார்வையாளராக்குதல் எங்கும் எளிதில் நேரக்கூடியது. மைக்கனுக்கு எதிரான 19–18 முதல் லிவர்பூல் வரை வரலாறு கூறுவது இதற்கு மாறானது. வழங்குபவரின் மூன்று விநாடிகளைக் குலைப்பதற்கு உயரம் வேண்டியதில்லை; விரைந்த காலும் விழிப்பும் வேண்டும். நிலத்தை முதலிற் பிடிப்பதற்கு முன்னறிவு வேண்டும். நிரையின் கடைசியில் நிற்கும் குள்ளமான மாணவி, நிரையின் முதலில் நிற்கும் நெடியவளின் ஆட்டத்தை வெற்றியாக்கவும் வல்லவள். எதிரணியில் நின்றால் அதனைத் தோல்வியாக்கவும் வல்லவள்.

ஆகவே, நெடியவரைக் குள்ளமான காப்பாளர் எவ்வாறு அடக்கலாம் என்னும் வினாவுக்கு வரலாறு தரும் விடை எளியது. நெடியவரின் கையைத் துரத்தாது, அவரது காலடி நிலத்தையும் அவருக்கு வரும் பந்தின் வழியையும் காத்தலே அவ்விடை. அதனைத் தனியொருவர் செய்தல் இயலாது. எழுவரும் சேர்ந்தே செய்தல் வேண்டும். நெய்ஸ்மித் கூடையை 10 அடி உயரத்தில் அறைந்தபோது எதிர்பார்த்தது வலிமையினும் திறன் மேலோங்கும் ஓர் ஆட்டத்தையே. அவரது எதிர்பார்ப்பைப் பொய்க்காது காத்துவருவோர், கோற்பட்டியலில் பெயர் பொறிக்கப்படாத காப்பாளர்களே. ஈவினையிலிருந்து எழுந்த உயரத்தைப் போற்றும் குடாநாடு, அவ்வுயரத்துக்குப் பந்தை வழங்கும் கைகளையும் எதிரணியின் வழங்கலை மறிக்கும் கால்களையும் வளர்க்குமாயின், அதுவே அவ்வீராங்கனைக்குச் செய்யும் உண்மையான மதிப்பாகும்.